கசிந்த எண்ணெய்க்கு ஒரு வழி

தொடக்க காலக் கார்களில் குலுக்கலை அடக்கத் தனிக் கருவி எதுவும் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வில்பட்டைகள் வளையும்போது தமக்குள் உரசிக்கொள்ளும். அந்த உரசலே வண்டியின் ஆட்டத்தை ஓரளவு அடக்கியது. குதிரை வண்டியின் வேகத்துக்கு அது போதும். காரின் வேகத்துக்குப் போதவில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய கார், சமநிலைக்கு வருமுன்பே அடுத்த பள்ளத்தில் விழுந்தது.

பிரான்ஸில் ட்ரூஃபோ வடிவமைத்து, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு பெயரில் பரவிய உராய்வுத் தணிப்பான் தொடக்கத் தீர்வுகளில் ஒன்று. கைகளின் முனைத் தகடுகளுக்கிடையே உராய்வு வட்டுகளை வைத்து, நடுவில் ஒரு மரையால் இறுக்கிய கருவி அது. எண்ணெயே இல்லாததால் கசிவும் இல்லை. பல பந்தயக் கார்கள் 1930கள் வரை இதையே பூட்டியிருந்தன. ஆனால் உராய்வு வேகம் பார்த்து இயங்காது. சிறு அதிர்வில் விறைத்து நிற்கும். பெருங்குலுக்கலில் போதாமல் போகும். வேகத்துக்கு ஏற்ப எதிர்ப்பைக் கூட்டித் தருவது திரவம்தான். குறுகிய துளை வழியே எண்ணெயை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ, அவ்வளவுக்கு அது எதிர்த்து நிற்கும்.

பிரெஞ்சுக்காரரான மொரிஸ் ஹூடாய் 1910க்கு முன்பே இந்தத் தத்துவத்தில் ஒரு தணிப்பானை உருவாக்கினார். வட்டமான உறைக்குள் சிறகு போன்ற தகடு எண்ணெயைத் தள்ளியபடி இருபுறமும் திரும்பும். சிறகைத் தாங்கும் தண்டு உறையைத் துளைத்து வெளியே வந்து, ஒரு நெம்புகையால் அச்சோடு இணையும். தொல்லை முழுவதும் அந்தத் துளையில்தான் இருந்தது. சிறகு அழுத்தும் எண்ணெய்க்குத் தண்டின் ஓரமே எளிய வழி. போதாக்குறைக்கு, குலுக்கலின் ஆற்றல் உள்ளே வெப்பமாக மாறி எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் இன்னும் எளிதாகக் கசியும்.

கசிவு தொடங்கிய தணிப்பானைப் பார்த்தவுடனே தெரியும். தண்டைச் சுற்றி ஈரமான கறுப்பு வளையம். அதில் அப்பிய சாலைப் புழுதி. அது உப்புத்தாள்போலத் தண்டைத் தேய்த்து இடைவெளியை அகலமாக்கும். குறைந்த எண்ணெயின் இடத்தில் காற்று புகும். பிறகு நெம்புகை கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் வெறுமனே ஆடும்.

அடைக்கக் கிடைத்த பொருள்கள் தோல், தக்கை, கம்பளி ஃபெல்ட். தோல் எண்ணெயில் ஊறியிருக்கும்வரை நன்றாக அடைக்கும். வண்டி நெடுநாள் ஓடாமல் நின்றால் காய்ந்து சுருங்கும். இயற்கை ரப்பரோ கனிம எண்ணெய் பட்டால் உப்பிக் கெடும். 1927 முதல் 1931 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ காரின் ஹூடாய் தணிப்பான்களில் எண்ணெய்க்குப் பதிலாகக் கிளிசரின் ஊற்றப்பட்டது. குறைவதை ஈடுகட்ட உள்ளேயே ஒரு சேமிப்பறையும் இருந்தது. கிளிசரின் நீரை ஈர்க்கும் பொருள் என்பதால், ஈரம் சேர்ந்து உள்பாகங்கள் துருப்பிடிக்கும் ஆபத்து அதில் உண்டு.

உண்மையான முன்னேற்றம், அடைப்பை மேலும் மேலும் இறுக்கியதால் வரவில்லை. அழுத்தத்தை அடைப்பிலிருந்து தள்ளி வைத்ததால் வந்தது. பிஸ்டன் வகை நெம்புத் தணிப்பானில் அழுத்தம் பிஸ்டனுக்குக் கீழே பிறக்கும். வெளியே வரும் தண்டு மேலே, அழுத்தமில்லாத சேமிப்பறையில் கிடக்கும். இலங்கையில் நெடுங்காலம் ஓடிய மோரிஸ் மைனரின் முன்புறத் தணிப்பான் இவ்வகைதான். ஆனால் அதன் கையே சக்கரத்தைத் தாங்கும் மேல் கையாகவும் வேலை செய்தது. அந்தச் சுமையில் தண்டைத் தாங்கும் புஷ் தேய, கசிவு வேறொரு வாசல் வழியே திரும்பி வந்தது.

இரட்டைக் குழாய்த் தணிப்பான் இந்த எண்ணத்தை முழுமையாக்கியது. உட்குழாயில் பிஸ்டன் ஏறி இறங்கும், வெளிக்குழாய் சேமிப்பறை. பிஸ்டன் தண்டின் வழிகாட்டியைத் தாண்டிக் கசியும் எண்ணெய், தண்டைச் சுற்றிய அடைப்பான ஆயில் சீலை முட்டித் தள்ளாமல் வெளிக்குழாய்க்கே வழிந்து திரும்பும். கசிவைத் தடுப்பதைவிட அதற்கு ஊருக்குத் திரும்பும் பாதை போட்டுக் கொடுத்ததே இதிலுள்ள பெரும் மதிநுட்பம்.

அடைக்கும் பொருளும் அதே காலத்தில் மாறியது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிட்டுவந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனம் 1929இல் தோல் அடைப்புகள் செய்யத் தொடங்கியது. அங்கே பணியாற்றிய வால்டர் சிம்மர் பெயரால் ‘சிம்மரிங்’ என்ற ஆயில் சீல் பிறந்தது. உலோகக் கூட்டுக்குள் தோல் உதடு. அதைத் தண்டோடு அணைத்துப் பிடிக்க ஒரு சுருள்வில். 1936 முதல் எண்ணெயில் உப்பாத செயற்கை ரப்பர் தோலின் இடத்துக்கு வந்தது. பிற்காலத்தில், 1950களில், பிரான்ஸின் தெ கார்போன் அழுத்தமூட்டிய வாயுவோடு ஒற்றைக் குழாயில் தணிப்பான் செய்ய முடிந்ததற்கு இத்தகைய சீல்களே துணை. அங்கே சீல் எந்நேரமும் அழுத்தத்தைத் தாங்கியே ஆகவேண்டும்.

இன்றும் எந்தச் சீலும் தண்டை முற்றிலும் உலர்த்துவதில்லை. உதடு தேயாமலிருக்க ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். அதனால் தண்டில் லேசான ஈரப்பசை தெரிந்தால் தணிப்பானை மாற்ற வேண்டியதில்லை. எண்ணெய் உறைமீது வழிந்து சொட்டினால்தான் மாற்ற வேண்டும்.