ஏழரை மில்லிமீட்டர்!

சென்னை புதுப்பேட்டை. ஒரு பழைய புல்லட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர் ஓர் இளைஞர். ''ட்ரயல்ஸ் வண்டி மாதிரி மாத்திக் கட்டறோம் சார்!'' என்றார் பெருமையாக. எல்லாம் முடிவாகிவிட்டது. ஒரே ஒரு தகராறுதான் பாக்கி. பின் சக்கரத்துக்கு எவ்வளவு அகல ரிம் போடுவது?

''இருக்கறதுலயே அகலமானதா போடுங்கண்ணே... பின்னாடி பார்த்தா கும்முனு இருக்கணும்!'' - இது இளைஞர்.

''வேணாம் தம்பி. அளவோட இருந்தாத்தான் டயர் மண்ணைப் பிடிக்கும்'' - இது மெக்கானிக்.

யார் சொல்வது சரி? தீர்ப்பு சொல்வதற்கு நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். இங்கிலாந்துக்கு!

1914-ம் வருடம். யார்க்‌ஷயர் பகுதியில் ஷிப்லி என்ற ஊரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வைத்திருந்தார் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட். தன்னுடைய தொழிலாளர்களுக்கு அவர் ஒரு சவால் விட்டார். தொழிற்சாலையிலிருந்து பர்ன்சால் என்ற கிராமம் வரை வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ரோடு வழியாக அல்ல... மேடு, பள்ளம், சேறு, ஓடை வழியாக! 14 பேர் கிளம்பினார்கள். 9 பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். 'ஸ்காட் ட்ரயல்' என்ற பெயரில் அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது.

ட்ரயல்ஸ் ஒரு விசித்திரமான விளையாட்டு. மற்ற பைக் பந்தயங்களில் வேகமாகப் போகிறவன் ராஜா. இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. வழுக்குப் பாறை மீதும் மரவேர் மீதும் நத்தை மாதிரி ஊர்ந்து போனாலும் பரவாயில்லை. கால் மட்டும் தரையில் படக்கூடாது! ஒரு தடவை ஊன்றினால் ஒரு மார்க் அபராதம். வண்டி நின்றே போனால் ஐந்து. கடைசியில் யாருக்குக் குறைந்த மார்க்கோ, அவருக்கே கோப்பை. (பள்ளிக்கூடத்தில் இந்த முறை இருந்திருந்தால் நம்மில் பலர் முதல் ரேங்க்!)

நம்ம ஊர் கெத்து வண்டியான புல்லட்டுக்கு இந்த விளையாட்டோடு ரத்த சம்பந்தம் உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 1948-ல் 'கோல்மோர் கப்' என்ற ட்ரயல்ஸ் போட்டியில்தான் தன் புதிய புல்லட்டின் முன்மாதிரிகளை இறக்கியது. அதில் பின் சக்கரத்துக்கும் ஸ்பிரிங் சஸ்பென்ஷன் இருந்தது! 'பின் சக்கரம் விறைப்பாக இருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும்' என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால், 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஆறு நாள் ட்ரயலை ஜானி பிரிட்டன் என்ற வீரர் ஜெயித்தது ராயல் என்ஃபீல்டில்தான். நடுவில், 1955-ல், புல்லட் தயாரிப்பு மெட்ராஸுக்கே வந்துவிட்டது.

பிரிட்டன் ஜெயித்த வண்டி சொன்ன பாடம் இதுதான்... பின் சக்கரம் தரையை விட்டு எழும்பவே கூடாது. தரையைத் தடவிக்கொண்டே போக வேண்டும்.

இப்போது ரிம் விஷயத்துக்கு வருவோம். ரோட்டில் ஓடும் பைக்கின் பின் டயருக்குச் சுமார் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். ட்ரயல்ஸ் வண்டிக்கு? வெறும் 4 அல்லது 5 பவுண்டு! நம் கண்ணுக்குப் பஞ்சர் ஆன வண்டி மாதிரி இருக்கும். ஆனால், அந்தத் தொளதொள டயர்தான் பாறையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நெளிந்து, உள்ளங்கை மாதிரி அதைக் கவ்விப் பிடிக்கிறது.

இவ்வளவு குறைந்த காற்றில் டயரை உருக்குலையாமல் தாங்கிப் பிடிப்பது எது? ரிம்தான்.

ட்ரயல்ஸ் பின் டயரின் அகலம் 4 அங்குலம். புல்லட்டின் பழைய 19 அங்குல ரிம்மின் உள் அகலம் 1.85 அங்குலம். அதிலேயே இந்த டயரை மாட்டினால் என்ன ஆகும்? டயரின் இடுப்பைப் பிடித்து இறுக்கின மாதிரி, மேல்பாகம் உருண்டையாகிவிடும். தரையில் படுகிற இடம் குறையும். சரிவில் குறுக்காகப் போகும்போது டயர் பக்கவாட்டில் சாயும்... கால் தரைக்கு வரும்... மார்க் போச்சு!

சரி, 2.50 அங்குல ரிம் போட்டால்? டயரின் இரண்டு பக்கச் சுவர்களும் இழுத்துக் கட்டினாற்போல விறைத்துக்கொள்ளும். நெளிய வேண்டிய சுவர் நெளியாது. மேல்பாகம் பலகை மாதிரி தட்டையாகி, ஓரத்துக் கட்டைகள் தரையைக் கடிக்க வேண்டிய கோணத்தில் கடிக்காது. ரிம்மின் விளிம்பும் பாறைகளிடம் எளிதாக அடி வாங்கும். அப்புறம் கோட்டம் எடுத்தே ஓய்ந்துவிடுவோம்!

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது 2.15 அங்குலம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'டபிள்யூ.எம்.3' என்பார்கள். 1.85-க்கும் 2.15-க்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சுமார் ஏழரை மில்லிமீட்டர்! சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஏழரை என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். ட்ரயல்ஸ்காரர்களுக்கோ இந்த ஏழரை, யோகம்!

'பெருசா இருந்தா நல்லது' என்கிற மயக்கம் புதுப்பேட்டை இளைஞருக்கு மட்டும் வந்ததல்ல. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரிய பெரிய கம்பெனிகளுக்கே அது இருந்தது. அந்த மயக்கத்தைத் தெளிய வைத்தவர் சாமி மில்லர் (நம்ம ஊர் 'சாமி' இல்லை. இவர் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர்!).

மில்லரிடம் இருந்தது 500 சி.சி. ஏரியல். பதிவு எண் ஜி.ஓ.வி. 132. கம்பெனி கொடுத்த கனத்த வண்டியை அவர் அப்படியே ஓட்டவில்லை. எங்கே எதைக் கழற்றலாம், எதை இழைக்கலாம், எதற்குப் பதில் அலுமினியம் போடலாம், எதை ஃபைபர் கிளாஸில் செய்யலாம் என்று வருடக்கணக்கில் செதுக்கினார். கடைசியில் அந்தப் பெரிய இன்ஜின் வண்டி சுமார் 110 கிலோவுக்கு வந்தது. 1959-லிருந்து பிரிட்டிஷ் சாம்பியன் அவர்தான். ஏரியல் கம்பெனியோ அதே வருடம் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது! மில்லர் மட்டும் விடாமல் அதை ஓட்டி ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஆனால், செதுக்குவதற்கும் ஓர் எல்லை உண்டே? 1964-ல் ஸ்பெயினிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் புல்டாகோ கம்பெனியைத் தொடங்கிய பிரான்சிஸ்கோ புல்டோ. மில்லர் பார்சிலோனா போனார். இரண்டு வாரத்துக்கும் குறைவான நாட்களில் ஒரு புது வண்டி உருவானது. 244 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக், எடை சுமார் 90 கிலோ. பெயர், ஷெர்பா டி. முன்னால் 21 அங்குலச் சக்கரம். பின்னால் ஏரியலில் இருந்த 19 அல்ல... 18 அங்குலம், 4 அங்குல டயர்.

யோசித்துப் பாருங்கள். பார்த்துப் பார்த்து இழைத்த வண்டி. கோப்பை மேல் கோப்பை வாங்கித் தந்த வண்டி. அதை விட்டு இறங்க எவ்வளவு மனத்திடம் வேண்டும்! மில்லர் இறங்கினார். 1965-ல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலை ஷெர்பாவில் ஜெயித்தார். அந்தப் போட்டியில் ஒரு வெளிநாட்டு வண்டி முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. இரண்டு ஸ்ட்ரோக் வண்டி ஜெயித்ததும் அதுவே முதல் முறை.

இங்கிலாந்து கம்பெனிகள் விழித்துக்கொள்வதற்குள் காலம் ஓடிவிட்டது. ஏரியலை வைத்திருந்த மாபெரும் பி.எஸ்.ஏ. சாம்ராஜ்யம் 1973-ல் சரிந்தது. புல்டாகோவும் நிலைக்கவில்லை. 1975 முதல் 1979 வரை தொடர்ந்து ஐந்து உலக சாம்பியன் பட்டங்களைத் தந்துவிட்டு, 1980-களின் தொடக்கத்தில் தொழிற்சாலைக் கதவை மூடியது.

மில்லர் உதறிவிட்டு வந்த அந்த ஏரியல் திரும்பவும் அவரிடமே வந்து சேர்ந்தது, இங்கிலாந்தின் நியூ மில்டனில் உள்ள அவருடைய அருங்காட்சியகத்துக்கு!

கம்பெனிகள் போயின. இன்ஜின்கள் மாறின. தண்ணீர் குளிர்விப்பு வந்தது, ட்யூப் இல்லாத டயர் வந்தது, பேட்டரி ட்ரயல்ஸ் வண்டிகூட வந்துவிட்டது. மாறாமல் நிற்பது பின் சக்கரக் கணக்கு மட்டும்தான். இன்று ஒரு புத்தம் புது ட்ரயல்ஸ் வண்டியை அளந்து பாருங்கள்... பின் டயர் 4.00 - 18, ரிம் 2.15!

புதுப்பேட்டையில் இந்தக் கதையைச் சொல்லி முடித்தேன். இளைஞர் முகத்தில் அவ்வளவாகத் திருப்தி இல்லை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்...

''தம்பி, வண்டி ஓட்டறதுக்கா, நிறுத்தி வெச்சு போட்டோ எடுக்கறதுக்கா?''

இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்... ''ஓட்டறதுக்குத்தாண்ணே.''

''அப்போ ரெண்டு புள்ளி ஒண்ணு அஞ்சு'' என்று ஸ்போக்குகளை எண்ண ஆரம்பித்தார் மெக்கானிக்.