ஹைதர் அலியின் முந்நூறு ரூபாய்

அரசவைக்கு வெகுமதி கொண்டு செல்வதும், பதில் வெகுமதி பெற்றுத் திரும்புவதும் 18ஆம் நூற்றாண்டின் மரபு. கும்பெனி அலுவலர் பலர் அவ்வழியே செல்வந்தராயினர். 1779இல் சென்னைக் கவர்னர் ரம்போல்டின் வேண்டுகோளின்படி ஸ்ரீரங்கப்பட்டணம் சென்ற சுவார்ட்ஸ் ஐயருக்கும் ஹைதர் அலி வழிச்செலவுக்கென 300 ரூபாய் அளித்தார். மறுத்தால் மன்னருக்கு அவமதிப்பு. வைத்துக்கொள்வதோ ஐயரின் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது. வழிச்செலவைக் கும்பெனியே ஏற்றிருந்ததால், பணத்தைச் சென்னை அரசாங்கத்தாரிடம் ஒப்புவித்தார். அவரே வைத்துக்கொள்ளும்படி அவர்கள் வற்புறுத்தவே, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதனை முதல் நிதியாக்கினார்.

கும்பெனியின் தூதை ஒரு குருவானவர் ஏற்கலாமா என்று மாணவர் கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்வியே, எனக்கும் அதில் தயக்கமுண்டு. தூதும் பலனளிக்கவில்லை. 1780இல் ஹைதரின் படை கர்நாடகத்துள் புகுந்தது. அடுத்த ஆண்டில் காவேரிப் பாசன வயல்கள் பாழாயின. பஞ்சத்தை முன்னுணர்ந்த ஐயர், விலை மலிந்திருக்கையிலேயே நெல் வாங்கிச் சேமித்திருந்தார். கோட்டைக்குள் பட்டினியால் வாடினோர் அதனால் உணவு பெற்றனர்.

நம் குருமனைகளுக்குக் கிறிஸ்துமஸ் நாட்களில் வரும் பழத்தட்டையும் பட்டையும் காணுந்தோறும் அந்த முந்நூறு ரூபாய் என் நினைவுக்கு வருகிறது. ஹைதரும் ஐயரை மறந்தாரல்லர். போரின் நடுவிலும் அப்பாதிரியாரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார்.