ஆறு மாதத் தவணை

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்டு 16 அன்று புதுச்சேரியில் விடுமுறை. "நேற்றுதானே சுதந்திர தினம், இன்றைக்கு எதற்கு லீவு தாத்தா?" என்று சென்னையிலிருந்து வந்த பேரன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர். வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962இல்தான் ஒப்புதல் தந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 16 அன்றுதான் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தோம். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் நான் பிரெஞ்சு வழியில்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒப்பந்தத்தில் குடியுரிமை பற்றி ஒரு பிரிவு உண்டு. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர்களாகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, எழுதிக் கொடுத்தார். கடையில் கணக்கு எழுதிய என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீடு, ஒரே கிணறு. ஆறு மாதம் முடிந்தபோது அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர்.

பெரியப்பாவுக்குக் கடைசிவரை பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது. அவர் பிள்ளைகள் பாரிசுக்குப் போனார்கள். நான் இங்கே குமாஸ்தா ஆனேன். பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேடுகளில் தாத்தாவின் பெயரைத் தேடி எத்தனையோ பேர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். பெயர் கிடைக்கும், தாத்தா எழுதிக் கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாட்டம் எனக்குப் புதிதல்ல.

ஒருநாள் அப்பாவிடம் கேட்டேவிட்டேன். "அண்ணன் சண்டைக்குப் போனவர். அவருக்கு அங்கே வரவேண்டிய பாக்கி இருந்தது. எனக்கு என்ன இருந்தது?" என்றார். கணக்கு எழுதியவர் பேச்சு. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. இந்தப் பகுதிகளின் அரசியல் நிலையை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்கிறது அது. 1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அண்டை மாநிலங்களோடு இணைப்பது பற்றிப் பேசியபோது ஊர் கொந்தளித்தது. இணைப்புப் பேச்சு அதோடு அடங்கியது. கேரளத்துக்குள் மாஹே, ஆந்திரத்துக்குள் ஏனாம், தஞ்சைப் பக்கம் காரைக்கால் என்று சிதறிக் கிடந்தாலும் இன்றும் நான்கும் ஒரே ஆட்சியில்தான் இருக்கின்றன.

ஆனால் முழு மாநிலமும் ஆகவில்லை. யூனியன் பிரதேசம்தான். நாம் தேர்ந்தெடுப்பது 30 உறுப்பினர்களை. மத்திய அரசு 3 பேரை நியமிக்கலாம். மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டுவிட்டது. தனியாக இருக்கவேண்டும் என்று அன்று கேட்டதைப் பெற்றோம். அதற்கான விலையை இன்னும் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாம் கேட்ட பேரன், "உங்க அப்பா கையெழுத்துப் போட்டிருந்தா நானும் பிரான்ஸ்ல இருந்திருப்பேனா?" என்றான்.

"நீ இருந்திருக்க மாட்டாய். உன் பாட்டி ஏனாத்துக்காரி. இங்கே வேலைக்கு வந்ததால்தானே அவளைப் பார்த்தேன்!" என்றேன்.