சிஸ்டர்

ஜவ்வாது மலையில் கைக்குழந்தையின் தொடையில் தடுப்பூசி போடுகிறவரும் ‘சிஸ்டர்’, கழுத்தில் சிலுவை தொங்கும் துறவியும் ‘சிஸ்டர்’. இரண்டுக்கும் வேர் ஒன்று. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் கன்னியர் மடத்துப் பெண்கள். மடத்து விளி மருத்துவமனை வார்டுக்குள் நுழைந்து, பதவிப் பெயராகி, மிஷன் மருத்துவமனைகள் வழியாகவும் இங்கே வந்தது. வேலூரில் மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். இன்று எந்த மதத்து நர்ஸானாலும் சிஸ்டர்தான்; ஆண் என்றால், வேறு வழியில்லாமல், ‘பிரதர்’!

துறவியான சிஸ்டர் திருச்சபைத் தமிழில் ‘அருட்சகோதரி’. சகோதரி என்பது வடசொல். உதரம் என்றால் வயிறு, ஒரே வயிற்றில் பிறந்தவள். நம் ‘உடன்பிறந்தாள்’ சொல்வதும் அதையே. பிறந்த வீட்டை விட்டு மடத்துக்கு வந்தவர்களுக்கு இந்தப் பெயர் வாய்த்தது வேடிக்கைதான். பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பெபேயாளைச் சகோதரி என்றும் சபையின் ஊழியக்காரி என்றும் சேர்த்தே அறிமுகப்படுத்துகிறார்.

மருத்துவமனை சிஸ்டரோ அரசு ஆவணத்தில் ‘செவிலியர்’. சங்கப் பாடல்களில் செவிலி தலைவியை வளர்த்த தாய். அழகான சொல், ஆனால் வார்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ‘சிஸ்டர், பாட்டில் தீந்துபோச்சு’ என்றுதான் குரல் வரும்.