எந்த இரண்டு குழந்தைகள்? வருமான வரிச் சலுகையின் தகுதி விதியும் வடசென்னைக் குடும்பங்களும்

பிள்ளைகளை முன்னிட்டு வருமான வரியில் கிடைக்கும் சலுகை இரண்டு பிள்ளைகளோடு நின்றுவிடுவதற்குக் குடும்பக் கட்டுப்பாடே காரணம் என்பது ஏறத்தாழ விவாதமின்றி ஏற்கப்பட்ட முடிவு. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தை, மாசி மாதங்களில் பள்ளி ஃபீஸ் ரசீதுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போகும் பர்மனென்ட் தொழிலாளிகளைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள்: “நாம் இருவர், நமக்கு இருவர், மூணாவது பிள்ளைக்கு கவர்மென்ட் எதுக்குக் கொடுக்கும்?” இந்த முடிவு சரியல்ல, குறைந்தபட்சம் முழுமையாகச் சரியல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். வரிச் சட்டத்தின் ‘இரண்டு’ வேறு; மக்கள்தொகைக் கொள்கையின் ‘இரண்டு’ வேறு. பிற்காலத்தில் இரண்டும் ஒரே எண்ணாக வந்து நின்றதால் ஒரே வேர் என்று மயங்கிவிட்டோம்.

மயக்கத்தின் ஊற்றுக்கண்ணை ஆர்.ஏ. கோபாலசாமியிடம் காண்கிறேன். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய பதிவாளர் நாயகம் அவர். சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி, பின்னாளில் சென்னை அரசின் தலைமைச் செயலாளர். தம் கணக்கெடுப்பு அறிக்கையில் ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்ற பொருள்படும் ஒரு கருத்தை வரையறுத்தார். மூன்றோ அதற்கு மேலோ பெற்று, அவர்களில் ஒருவராவது உயிரோடிருக்கும் தாய்க்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளை எதுவானாலும் அது இந்தக் கணக்கில் சேரும். இத்தகைய பிறப்புகளைக் குறைத்தால் உணவுப் பற்றாக்குறையைச் சமாளித்துவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. 1950களின் பிற்பகுதியில் கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுத்த முதல் மாநிலங்களில் ஒன்றாகச் சென்னை திகழ்ந்ததில் அவருடைய பங்கு பெரிது.

கோபாலசாமியின் சிந்தனையில் எனக்கு முக்கியமாகப்படுவது எண்ணும் முறை. அவர் தாயை வைத்து எண்ணுகிறார். பிறப்பு வரிசையை வைத்து எண்ணுகிறார். நான்காவது என்றால் பிறந்த வரிசையில் நான்காவது. மூத்தவன் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டானா, இன்னும் பெற்றோர் சோற்றில் இருக்கிறானா என்பது அவருக்குப் பொருட்டில்லை. இந்த எண்ணும் முறை மருத்துவமனைக்குப் பொருந்தும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் ஒரு பெண் சேர்க்கப்படும்போது கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று, இது எத்தனையாவது பிரசவம் என்பதுதான். அங்கே அந்தக் கேள்விக்கு மருத்துவக் காரணமும் உண்டு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதே கேள்வியை வரி அலுவலகமும் கேட்டதாகப் பின்வந்தவர்கள் கொண்டுவிட்டதில்தான்.

வரி அலுவலகம் அப்படிக் கேட்கவில்லை. 1955இல் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் மணமானவருக்கு 2,000 ரூபாய், மணமாகாதவருக்கு 1,000 ரூபாய் என்று வரியற்ற முதல் படியைப் பிரித்தார். பிள்ளைகள் அப்போது கணக்கில் வரவில்லை. அவர்கள் நுழைவது 1957இல், டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பட்ஜெட்டில். செல்வ வரியும் செலவு வரியும் பிறந்த அதே ஆண்டு. பிள்ளைக்கு 300 ரூபாய், இரண்டு பிள்ளைகள் வரை. ஆக மணமானவருக்கு 3,000, ஒரு பிள்ளை இருந்தால் 3,300, ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால் 3,600 வரியற்ற தொகை.

இதைத் தனியாகப் படித்தால் பிள்ளைகுட்டிக்காரருக்கு அரசு இரக்கம் காட்டியதாகவும், மூன்றாவது பிள்ளை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் தோன்றும். ஆனால் அதே பட்ஜெட் வருமான வரி விலக்கு வரம்பை 4,200 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய்க்கு இறக்கியது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். துறைமுகத்தில் மாதம் 340 ரூபாய் வாங்கும் எழுத்தர் ஒருவரின் ஆண்டு வருமானம் 4,080. முந்தைய ஆண்டு அவர் வரி கட்ட வேண்டியதில்லை. 1957இல் அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருந்து முழுச் சலுகையும் கிடைத்தாலும் 3,600க்கு மேற்பட்ட 480 ரூபாய் வரிக்குள் வந்துவிடுகிறது. சலுகை என்ற பெயரில் அவருக்குக் கிடைத்தது, இறக்கிய வரம்பில் பாதியைத் திருப்பித் தந்த ஒரு சமாதானம்: 1,200 இறக்கி, 600 திருப்பி. எத்தனை பிள்ளைகளோடு நிறுத்துவது என்ற கேள்வி இங்கே பிறப்பு விகிதம் பற்றியதாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எவ்வளவு திருப்பித் தந்தால் வலையை அகலப்படுத்திய பலன் கரையாது என்பதே கேள்வி. மூன்று பிள்ளைகளுக்கு என்றால் 3,900. நான்குக்கு 4,200, அதாவது பழைய வரம்பே. அந்தக் காலக் குடும்பங்களில் நான்கு பிள்ளைகள் அதிசயமல்ல. இரண்டோடு நிறுத்தாவிட்டால் வரம்பை இறக்கியதே வீண் வேலை ஆகியிருக்கும்.

இதற்கு மேல் ஒரு வலுவான சான்று உண்டு. 1957இல் குடும்பக் கட்டுப்பாட்டின் எண் இரண்டு அல்ல. கோபாலசாமியின் வரையறையில் மூன்று பிள்ளைகள் வரை குற்றமில்லை. 1960களில் சுவரெங்கும் எழுதப்பட்ட முழக்கம்கூட ‘இரண்டு அல்லது மூன்று போதும்’ என்றுதான் சொன்னது. ‘நமக்கு இருவர்’ என்பது அதற்கும் பிந்தியது. வரிச் சட்டம் மக்கள்தொகைக் கொள்கையிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டது என்றால், கொள்கையிடமே அப்போது இல்லாத எண்ணை எடுத்துக்கொண்டது என்று ஆகும்.

சட்டம் கேட்டது, பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளை. இதையும் கோபாலசாமியின் முறையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து பிள்ளைகளைப் பெற்ற பெரம்பூர்த் தொழிலாளி ஒருவரின் மூத்த மூவரும் பின்னி ஆலையிலோ ரயில்வேயிலோ சேர்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிச் சட்டத்தின்படி வீட்டில் மிச்சமிருக்கும் நான்காவதும் ஐந்தாவதும்தான் அந்த ‘இரண்டு’. கோபாலசாமி யாரை முன்யோசனையற்ற பிறப்பு என்றாரோ அந்தப் பிள்ளைகளுக்கே சலுகை போகிறது. ஒரே கொள்கையின் இரு கைகள் என்றால் ஒரு கை எழுதியதை இன்னொரு கை அழிக்குமா?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டத்தின் வாசகம் காரணம் சொல்வதில்லை. முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. டெல்லிக் காற்றில் அந்தப் பேச்சு இருந்தது. கிருஷ்ணமாச்சாரியின் மனத்தில் அது துளியும் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. என் வாதம் இதுதான்: கிடைக்கும் சான்றுகள் வருவாய்க் கணக்கையே சுட்டுகின்றன, மறுதரப்பில் இருப்பது எண் ஒற்றுமை ஒன்றே, அதுவும் பின்னோக்கிப் பொருத்தப்பட்டது.

1960களின் நடுவில் இச்சலுகை வருமானத்தில் கழிப்பதாக இருந்தது மாறி, வரியிலேயே கழிப்பதாக உருவெடுத்தது. பிறகு 1970இல், நிதித் துறையையும் தம் பொறுப்பில் வைத்திருந்த பிரதமர் இந்திரா காந்தி எல்லாருக்கும் ஒரே 5,000 ரூபாய் வரம்பைக் கொண்டுவந்தபோது பிள்ளைகள் கணக்கிலிருந்து மறைந்தார்கள். மக்கள்தொகை அச்சம் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு பிள்ளை வரம்பு கொண்ட ஒரே வரிச் சலுகையை அரசு சத்தமில்லாமல் கைவிட்டது. 1976 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் கரண் சிங் வெளியிட்ட தேசிய மக்கள்தொகைக் கொள்கை வருமான வரியைத் தொடுகிறது. ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டுக்குத் தரும் நன்கொடைக்கு விலக்கு என்ற அளவில்தான். பிள்ளைகளை எண்ணி வரி போடும் யோசனை அதில் இல்லை. நெருக்கடிநிலையின் அதிகாரம் அனைத்தும் கையிலிருந்தும்!

இனி நான் நிறுத்திப் பார்க்க விரும்பும் இடம். 2003இல் நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 88இன் கீழ் கல்விக் கட்டணத்தைச் சேர்த்தார்: பிள்ளைக்கு 12,000 ரூபாய், இரண்டு பிள்ளைகளுக்கு. அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டன் குழந்தை வரிக் கழிவு முறையைத் தொடங்கியது தற்செயல். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்தால் நம்முடையது எவ்வளவு குறுகலானது என்று விளங்கும். அங்கே வரியே கட்டாத ஏழைக் குடும்பத்துக்கும் பணம் கைக்கு வந்தது. இங்கே கட்ட வேண்டிய வரி இருந்தால்தான் கழிக்க இடம். 2005இல் ப. சிதம்பரம் பிரிவு 88ஐ எடுத்துவிட்டு 80சியைக் கொண்டுவந்தார். வரியில் கழித்தது போய் மறுபடி வருமானத்தில் கழிப்பது. இதனால் உயர்ந்த வரிப் படியில் இருப்பவருக்கே கூடுதல் பலன்.

அந்த 80சியின் நான்காம் உட்பிரிவு யாருக்காகக் கட்டும் கல்விக் கட்டணம் செல்லும் என்று சொல்கிறது: ‘அத்தகைய தனிநபரின் எவரேனும் இரு குழந்தைகள்’ என்பது அதன் பொருள். மூத்த இருவர் என்று இல்லை. குடும்பத்துக்கு இருவர் என்றும் இல்லை. வரி கட்டும் ஒவ்வொரு தனிநபருக்கும் இருவர். தந்தையும் தாயும் தனித்தனியே வரி கட்டினால் நான்கு பிள்ளைகளையும் இருவருமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம்; சட்டத்தை ஏமாற்றும் வேலை அல்ல அது, சட்டமே தரும் இடம். இதற்கு எதிரே மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் கல்விப் படி குறித்து 2018 ஜூலையில் பணியாளர் துறை வெளியிட்ட தொகுப்பாணையை வைத்துப் பாருங்கள். அங்கே பாடம் வேறு: உயிரோடிருக்கும் மூத்த இரு பிள்ளைகள். இரண்டாவது பிரசவம் இரட்டையாக அமைந்தால் விதிவிலக்கு. அதோடு, கருத்தடை அறுவை பலிக்காமல் பிள்ளை பிறந்தால், அந்த முதல் தோல்வியில் பிறந்த பிள்ளைக்கும் படி உண்டு.

கடைசி விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். அறுவை செய்துகொண்டவரைத் தண்டிக்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆகவே அந்த ‘இரண்டு’ குடும்பக் கட்டுப்பாட்டின் இரண்டுதான், சந்தேகமில்லை. கோபாலசாமியின் எண்ணும் முறை, மூன்று இரண்டாகச் சுருங்கி, அங்கே உயிரோடிருக்கிறது. 1992இல் தமிழ்நாடு தொடங்கிய பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்திலும் அப்படியே: பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்துகொண்ட சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பமே இல்லை. 80சியில் இரட்டையரும் இல்லை, அறுவையும் இல்லை, சான்றிதழும் இல்லை. கொள்கையின் ரேகை ஒன்றுகூட அதில் பதியவில்லை. திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டுகளில் இப்படி இரு வேறு பாடங்கள் கிடைத்தால் ஒரே மூலம் என்று எந்தக் கல்வெட்டறிஞரும் சாதிக்க மாட்டார்.

ஓர் உதாரணம். ராஜாஜி சாலை சுங்க இல்லத்தில் மத்திய அரசு ஊழியராக வேலை பார்க்கும் ராயபுரத்துக்காரர் ஒருவருக்கு முதலில் ஒரு பெண், அடுத்து இரட்டைப் பையன்கள். கல்விப் படி மூவருக்கும் கிடைக்கும். வருமான வரியில் அவர் இருவரைத்தான் காட்ட முடியும். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்து வரி கட்டுபவரானால் மூன்றாமவரின் கட்டணத்தை அவர் செலுத்தித் தம் கணக்கில் காட்டலாம். மனைவிக்கு வருமானம் இல்லையென்றால் ஒரு பையன் சட்டத்தின் கண்ணில் இல்லை. ஒரே வீடு, மூன்று பிள்ளைகள், இரு விதிகள், இரு விடைகள்.

வடசென்னையில் இந்த விதி யாரைத் தொட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அசோக் லேலண்டிலோ மணலி சுத்திகரிப்பு ஆலையிலோ பர்மனென்ட்டாக இருப்பவருக்கு 80சியின் 1.5 லட்சம் வரம்பில் பி.எஃப். பிடித்தமும் எல்.ஐ.சி.யும் போக மீதி கொஞ்சமே. ஃபீஸ் ரசீதில் டெவலப்மென்ட் ஃபீஸ், வேன், யூனிஃபார்ம் எல்லாம் கழிந்து டியூஷன் ஃபீஸ் மட்டும் செல்லும். அதுவும் பலருக்கு வரம்புக்கு வெளியே விழுந்துவிடும். சம்பளத்தில் தரப்படும் கல்விப் படிக்கு விதி 2பிபி பழைய முறையில் தந்த விலக்கோ பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய். இன்றைய விலைவாசியில் ஒரு நோட்டுப் புத்தகக் கட்டுக்கும் போதாது. பக்கத்து வரிசையில் அதே வேலையைச் செய்யும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும், காசிமேட்டில் விசைப்படகில் பங்குக்குப் போகிறவருக்கும் வரி கட்டும் அளவு வருமானமே இல்லாததால் எத்தனை பிள்ளைகள் என்பது வரிச் சட்டத்துக்குத் தேவைப்படாத தகவல். அவர்களை எண்ணுவது ரேஷன் கார்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கிறதா, ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்கிறதா என்றே கேட்டது.

2020இல் வந்த புதிய வரி முறையில் 80சி இல்லை. 2023–24 முதல் அதுவே இயல்பு முறை. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு 12 லட்சம் வரை வரியில்லை என்பதால் ரசீது திரட்டுவோர் அருகிவிட்டார்கள். 2025 வருமான வரிச் சட்டம் 80சியை பிரிவு 123 என்று மறு எண்ணிட்டு, பழைய முறையில் நிற்போருக்கு மட்டும் வைத்திருக்கிறது. 1970இல் நடந்ததுபோலவே இம்முறையும் பிள்ளைகள் மக்கள்தொகை பற்றிய எந்த விவாதமும் இல்லாமல், வரிப் படிகளை எளிமையாக்கும் வேலையின் போக்கில் கணக்கிலிருந்து இறங்கினார்கள். சுங்க இல்லத்தின் கல்விப் படி விண்ணப்பத்தில் மட்டும் மூத்த இருவர் என்ற நிபந்தனை மாறாமல் இருக்கிறது.