ஸ்டோரின் பின்புறத்துப் பட்டறை



மலையகத்தின் வரலாற்றைப் பேச முற்படும்போதெல்லாம் நாம் கொழுந்துக் கூடையிலே தொடங்கி லயத்திலே முடித்துவிடுகிறோம். அது தவறன்று. ஆயினும் பறித்த கொழுந்து தானாகத் தேயிலையாகி விடுவதில்லை. அதற்கு இரும்பு வேண்டும். அந்த இரும்பைப் பழுதுபார்க்க நெருப்பு வேண்டும். நெருப்பை ஆளத் தெரிந்த கைகள் வேண்டும். தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறத்திலே, கரி படிந்த தகரக் கொட்டிலில் உழைத்த அந்தக் கைகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

இந்தக் கதை தேயிலைக்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே தொடங்குகிறது. 1854ஆம் ஆண்டு ஜோன் வோக்கர் என்பவர் கண்டியிலே ஒரு பட்டறையை நிறுவினார். கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரங்களைச் செய்வதும் திருத்துவதுமே அதன் வேலை. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1867இல், லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்தார். முதலில் அவர் தம் பங்களாத் திண்ணையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டச் செய்தார். கரியடுப்பிலே அது காய்ச்சப்பட்டது. 1872ஆம் ஆண்டளவில் நீர்ச்சில்லால் இயங்கும் உருட்டும் இயந்திரம் ஒன்றை அவரே அமைத்தார். பின்னர் வில்லியம் ஜக்சனின் உருட்டும் இயந்திரங்களும், பெல்பாஸ்ட் நகரத்து டேவிட்சனின் 'சிரோக்கோ' உலர்த்திகளும் வந்து சேர்ந்தன. 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் புகையிரதம் எட்டியபோது, பாரமான இயந்திரங்கள் மலையேறுவது எளிதாயிற்று.

இயந்திரம் வந்தால் அதன் பழுதும் கூடவே வரும். பறித்த கொழுந்தோ காத்திராது. வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தி முடிக்கும் வேலை ஏறக்குறைய ஒரு நாளுக்குள் நடந்தாக வேண்டும். ஓர் அச்சு முறிந்தால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை கொழுந்தைக் குவித்து வைக்க முடியாது. ஆகவேதான் ஸ்டோரின் பின்னால் ஓர் உலையும் பட்டடையும் துருத்தியும் தேவைப்பட்டன.

அங்கே பயிற்சி என்று தனியே ஒன்றிருக்கவில்லை. தொழிலாளியின் மகன் விறகு சுமக்க வருவான். பின்னர் ஸ்பனர் எடுத்துக் கொடுப்பான். மேஸ்திரி கை நீட்டுமுன்பே எந்தக் கருவி வேண்டுமென்று அறிந்து நீட்டுவதுதான் முதற்பாடம். அது தேறினால் சம்மட்டி பிடிக்கலாம். பாடநூலும் இல்லை, பரீட்சையும் இல்லை. கண்டதே பாடம், கைப்பழக்கமே தகைமை.

இரும்பை இரும்போடு சேர்க்க அக்காலத்தில் இருந்த வழிகள் சில. உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்து இணைப்பது ஒன்று; துளையிட்டு ஆணி அறைவது மற்றொன்று. சிறு வேலைகளுக்குப் பொடி வைத்து ஒட்டுவதுண்டு. இப்பொடிக்குப் 'பற்றாசு' என்றொரு பழஞ்சொல் நம் மொழியிலே இருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒட்சிசன், அசெற்றிலீன் வாயுச் சுடராலும் மின்வில்லாலும் உலோகத்தை உருக்கி ஒட்டும் முறைகள் தொழிலாக வளர்ந்தன. 1904இல் சுவீடன் நாட்டு ஒஸ்கார் ஜெல்பேர்க் மேற்பூச்சுள்ள ஒட்டுகோலைக் கண்டுபிடித்த பின்னர் மின்னொட்டு உறுதி பெற்றது. அது மலையகத் தோட்டங்களுக்கும் வந்தபோது நம்மவர்கள் அதனை 'வெல்டிங்' என்றே அழைத்தார்கள். அதில் தேர்ந்தவன் 'வெல்டிங் பாஸ்' ஆனான். 'பாஸ்' என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். எசமான் என்பது அதன் பொருள். வேறெந்த எசமான் பட்டமும் கிட்டாத மனிதனுக்கு ஊர் அளித்த பட்டம் அது.

அந்தப் பட்டத்தின் பெறுமதியை ஒரு வேலையைக் கொண்டு சொல்லலாம். தேயிலை உலர்த்தியின் விறகடுப்பிலே வார்ப்பிரும்புக் குழாய்கள் உண்டு. உள்ளே புகை செல்லும்; வெளியே சுற்றிவரும் காற்றுச் சூடேறித் தேயிலையை உலர்த்தும். குழாயில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு ஏற்பட்டாலும் புகை காற்றோடு கலந்துவிடும். தேயிலையில் புகைநாற்றம் ஏறினால் கொழும்பு ஏலத்தில் விலை விழும். வார்ப்பிரும்போ ஒட்டுவதற்குக் கடினமானது. முன்கூட்டியே சூடாக்கி, சிறிது சிறிதாக ஒட்டி, சாம்பலில் மூடி மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மீண்டும் வெடிக்கும். ஒரு தோட்டத்தின் ஒரு வாரத்து உழைப்பு அந்த ஒருவனது பொறுமையிலே தங்கியிருந்தது.

ஆனால் அவனிடம் கடதாசி இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 975,000 பேரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்குபோடத் தொடங்கியது. 1971இல் நாட்டிலே தொழிற்பயிலுநர் சட்டம் பிறந்தபோது அவர்களிற் பலர் எந்த நாட்டவர் என்பதே தீர்ந்திருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு நின்றன. பிரஜாவுரிமைச் சிக்கல் சட்டப்படி தீர்வதற்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஹட்டன் பக்கத்தில் நான் கற்பித்த காலத்தில், மாணவன் ஒருவன் படிவத்திலே தந்தையின் தொழிலைத் 'தொழிலாளி' என்று எழுதியிருந்தான். என்ன வேலை என்று கேட்டேன்.

"அப்பா ஸ்டோர்ல வெல்டிங் பாஸ் சேர். ஆனா செக்ரோல்ல லேபரர்னுதான் போட்டிருக்கு."

பின்னர் அந்தத் தந்தையைச் சந்தித்தேன். முகக்கவசம் இல்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒட்டிப் பழகியவர். இரவிலே கண்ணில் மணல் அள்ளிப் போட்டாற்போல் உறுத்தும்போது உருளைக்கிழங்குத் துண்டை வைத்துக் கட்டிக்கொள்வாராம். "சட்டிபிக்கட் எதுக்குங்க சேர்? ஒட்டின எடமே பேசுமே" என்றார். வெளிநாட்டு வேலை ஒன்று கடதாசி இல்லாமையாற் கைநழுவியதை அவர் சொல்லவில்லை, மகன்தான் சொன்னான்.

இன்று வழி இருக்கிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தொழிற்கல்விக்கு ஓர் ஆணைக்குழு அமைந்தது. 1995இல் தொழிற்பயிற்சி அதிகார சபை வந்தது. ஹட்டனிலே தொண்டமான் பெயரால் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இந்திய உதவியுடன் எழுந்தது. ஏழு படிகள் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறையிலே, அனுபவத்தால் கற்றவரும் செய்து காட்டிச் சான்றிதழ் பெற இடமுண்டு. இதனை முன்கற்றலை அங்கீகரித்தல் என்கிறார்கள். இதை நான் அறிந்து அவரிடம் சொன்னபோது அவருடைய பார்வை மங்கியிருந்தது. "இனி கோடு தெரியாதுங்க சேர்" என்று சொல்லிவிட்டார்.

மகன் முதலில் விண்ணப்பித்த பயிற்சி நிலையத்தில் பாடம் முழுவதும் சிங்களத்திலேயே நடந்தது. மூன்று மாதத்தில் திரும்பி வந்தான். பிறகு வேறிடத்திலே தமிழில் படித்தான். வரைபடம் வாசிக்கவும், கிடையாகவும் நிலைக்குத்தாகவும் தலைக்கு மேலாகவும் ஒட்டவும், கவசம் அணியவும் கற்றான். சான்றிதழோடு வீடு வந்தபோது தந்தை அதை வாங்கிப் பார்க்கவில்லையாம். மகன் ஒட்டிக் கொண்டுவந்த தகட்டை வாங்கி, ஒட்டிய வரியின் மேல் பெருவிரலை ஓடவிட்டு, "சரியாத்தான் ஓடியிருக்கு" என்றாராம்.

நேயர்களே, அந்தப் பெருவிரல் அறிந்தது எந்த ஆவணத்திலும் பதியப்படவில்லை. உங்கள் தோட்டத்திலும் ஒரு வெல்டிங் பாஸ் இருக்கக்கூடும். அவருக்கு இன்னும் கோடு தெரியும் என்றால், இந்த வாரமே அவருக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பார்வை போய்விட்டதென்றால், பக்கத்தில் அமர்ந்து அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.