பூட்ஸ் ரைலி: இசையும் வேலைநிறுத்தமும்

புகழ் பெற்ற கலைஞர் பிற்பாடு பொதுக்காரியங்களில் பிரவேசிப்பது உலகெங்கும் காணப்படும் வழக்கம். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓக்லண்ட் நகரத்துப் பூட்ஸ் ரைலியின் சரித்திரத்திலோ இந்தக் கிரமம் மாறிக் கிடக்கிறது. அவர் முதலில் இயக்கத் தொண்டர், பிறகே பாடகர், 45 வயதைக் கடந்த பின்னரே திரைப்பட இயக்குநர்.

1971-இல் சிகாகோவில் பிறந்த ரேமண்ட் ‘பூட்ஸ்’ ரைலிக்கு, சிவில் உரிமைப் போராட்டங்களில் தோய்ந்த வழக்கறிஞரான வால்டர் ரைலி தந்தை; அக்குடும்பம் டெட்ராய்ட் வழியாக வந்து குடியேறிய ஓக்லண்டோ, 1966-இல் கருஞ்சிறுத்தைக் கட்சி தோன்றிய ஊர். இத்தகைய சூழலில் வளர்ந்த பையன் 15 வயதை ஒட்டியே இடதுசாரி இயக்கத்தில் சேர்ந்து, கலிபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர்களிடையே வேலை செய்யப் போனதில் ஆச்சரியமில்லை.

அவர் சங்கீதத்தின் பக்கம் திரும்பியதற்குக் காரணமாக ஒரு சம்பவத்தைச் சொல்வார். சான் பிரான்சிஸ்கோவின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் போலீசார் சிறுவர்களை அடிக்க, கூடிய ஜனங்கள் துப்பாக்கிச் சத்தம் கேட்டுச் சிதறி ஓட, ஓடியவர்களில் யாரோ ‘பப்ளிக் எனிமி’ குழுவினரின் பிரசித்தமான எதிர்ப்புப் பாட்டின் பல்லவியை முழங்க, அந்த முழக்கம் பரவியதும் ஓடியவர்களே திரும்பி வந்து அடிபட்டவர்களை மீட்டார்களாம். துண்டுப் பிரசுரங்களால் ஆகாத காரியத்தை ஒரு பல்லவி சாதித்துவிட்டது என்பதைக் கண்ட இளைஞர், பாட்டை ஓய்வுநேர விநோதமாக இனிக் கருத முடியாதல்லவா?

சரக்குக் கம்பெனியில் உடன் வேலை செய்த ஈ-ராக்குடன் 1991-இல் அவர் தொடங்கிய ‘தி கூ’ என்ற ஹிப்-ஹாப் குழு, ‘பாம் தி ஃபங்க்ஸ்ட்ரஸ்’ என்ற பெண்மணியின் இசைத்தட்டுத் திறமையையும் சேர்த்துக்கொண்டு, 1993-இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. வாடகை, கூலி, கடன் ஆகியவையே அதன் விஷயங்கள். ஆனால் பரிகாசமும் துள்ளல் தாளமும் கலந்திருந்தமையால், கேட்பவர் ஆடிக்கொண்டே பொருளாதாரம் பயில வேண்டியிருந்தது. (எல்லோரும் அதை விரும்பினார்கள் என்று சொல்லமாட்டேன்.) 2001-ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றின் உறைக்காக, நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வெடித்துச் சிதறுவதாக அவ்வாண்டின் மத்தியிலேயே தயாரித்திருந்த சித்திரம், செப்டம்பர் 11-க்குப் பிறகு அவசரமாக மாற்றப்பட்டது; முதலாளித்துவத்தின் வீழ்ச்சிக்கு உருவகமாகக் கருதிய ஒன்று, காலத்தின் விபரீதத்தால் வேறொரு பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டது.

2011-இல் ஓக்லண்டில், பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்த ‘ஆக்குபை’ (ஆக்கிரமிப்பு) இயக்கத்தில் அவர் முன்னணியில் நின்றார்; நவம்பர் 2-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்றதில் துறைமுகத்தின் வேலையே நின்றுபோயிற்று. பதாகை பிடித்து நிற்பதைவிட வேலையை நிறுத்துவதே வலிமை என்ற அவருடைய சித்தாந்தம் அன்று பிரத்தியட்சமாயிற்று என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சித்தாந்தத்தின் திரை வடிவமே ‘ஸாரி டு பாதர் யூ’. இளமையில் தொலைபேசி மூலம் சரக்கு விற்கும் உத்தியோகம் பார்த்த அனுபவத்தைக் கொண்டு கதை எழுதி முடித்தும் பணம் போட ஆள் கிடைக்காமையால், 2012-இல் அதே பெயரில் இசைத்தொகுப்பையும், 2014-இல் திரைக்கதையைப் புத்தகமாகவும் வெளியிட்டுக் காத்திருந்தார். 2018-இல் வெளிவந்த படத்தில், சித்தப்பாவின் கார் கொட்டகையில் வாடகை கொடுக்க வழியின்றி வாழும் கறுப்பு இளைஞன் காஷியஸ், வெள்ளைக்காரர் குரலில் பேசினால் வியாபாரம் நடக்கும் என்று மூத்த ஊழியரிடம் பாடம் கற்று, பதவி உயர்ந்து, ஒருநாள் தன் தோழர்களின் மறியலைக் கடந்தே உள்ளே போகிறான். தொழிலாளரைக் குதிரை-மனிதர்களாக்கும் முதலாளியின் விசித்திரத் திட்டத்தையே விமர்சகர்கள் அதிகம் பேசினார்கள். எனக்கோ, மறியலைக் கடக்கும் அந்தச் சில அடிகளே படத்தின் உயிர்நாடியாகத் தோன்றுகின்றன.

கம்பெனியின் பணத்தில் கம்பெனியைத் தூஷிப்பது முரணல்லவா என்று கேட்பார் உண்டு. 13 அடி உயரப் பையனைப் பற்றிய ‘ஐ ஆம் எ விர்கோ’ தொடரை அவர் அமேசான் நிறுவனத்திற்கே செய்துகொடுத்தவர். 2023 ஜூனில் அது வெளியானபோது ஹாலிவுட்டின் எழுத்தாளர்கள், அமேசானும் அங்கம் வகித்த தயாரிப்பாளர் சங்கத்துக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.